அமெரிக்கப் பாடசாலைகளிற் செந்நெறி நாவல்கள்: தெரிவும் மறுப்பும்

ஓர் இலக்கியப் படைப்பு 'செந்நெறி' எனப் பெயர் பெறுவது அதன் கலைச்சிறப்பினால் மட்டுமன்று. அதனை யார் தெரிந்தெடுத்தனர், எவருக்குக் கற்பித்தனர், எச்சூழலிற் கற்பித்தனர் என்பனவும் அப்பெயரைத் தீர்மானிக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பாடசாலைகளில் ஆங்கில பாடத்தின் ஒரு கூறாக நாவல் கற்பிக்கப்பட்டு வந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். நூல்களைத் தெரிந்தெடுக்கும் முயற்சியும், அவ்வாறு தெரிந்தவற்றை விலக்கக் கோரும் முயற்சியும் அவ்வரலாற்றில் இணைந்தே வந்துள்ளன. விலக்கல் முயற்சிகள் யாவற்றையும் 'தணிக்கை' என்னும் ஒரே சொல்லுள் அடக்குதல் வழக்கம். அவ்வழக்கு, ஒன்றுக்கொன்று முரணான சமூக நலன்களை ஒரே தன்மையினவாகக் காட்டி மயக்குகின்றது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

முதலிலே தெரிவின் வரலாற்றை நோக்குவோம். 1874இல் ஹாவார்ட் பல்கலைக்கழகம், குறித்த சில இலக்கிய நூல்களை அடியாகக் கொண்ட ஆங்கிலக் கட்டுரைப் பரீட்சையை அனுமதி நிபந்தனையாக்கியது. 1894இல் அனுமதித் தேவைகளை ஒருமைப்படுத்தும் மாநாடு கூடியதன் பின்னர், பொதுவான நூற்பட்டியல்கள் பாடசாலைகளை ஆளத் தொடங்கின. ஷேக்ஸ்பியர், ஸ்கொட், ஜோர்ஜ் எலியட் முதலிய ஆங்கிலேயரே அவற்றில் மேலோங்கி நின்றனர். மாணவரில் மிகச் சிலரே பல்கலைக்கழகம் சென்ற காலத்தில், அச்சிலருக்கென வகுத்த பட்டியல் அனைவரது வாசிப்பையும் நிர்ணயித்தது. 1911இல் ஆங்கில ஆசிரியரின் தேசிய மன்றம் சிக்காகோவில் உருவானமைக்கு இம்மேலாதிக்கத்தின் மீதான எதிர்ப்பே உடனடிக் காரணமாகும்.

அமெரிக்க நாவல் 'தேசியச் செல்வம்' என்னும் நிலையினை முழுமையாக எய்தியது இரண்டாம் உலகப் போரின் பின்னரேயாம். 1925இல் வெளிவந்த பிற்ஸ்ஜெரால்டின் 'கிரேற் கற்ஸ்பி', ஆசிரியர் 1940இல் இறந்தபோது ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தது. போர்வீரருக்கென அச்சிடப்பட்ட மலிவுப் பதிப்பில் அந்நாவல் 1945இல் ஏறக்குறைய 155,000 பிரதிகள் வெளியாயிற்று. பின்னர் வந்த மென்னட்டைப் பதிப்புகள் அதனை வகுப்பறைக்குக் கொண்டு சேர்த்தன. மார்க் ருவெயினின் 'ஹக்கிள்பெரி பின்' நாவலுக்கு லயனல் ரிறிலிங் 1948இலும் ரி. எஸ். எலியட் 1950இலும் எழுதிய முன்னுரைகள் அதனைத் தேசத்தின் முதன்மைப் படைப்புகளுள் ஒன்றாக நிலைநிறுத்தின. கெடுபிடிப் போர்க் காலத்திலே, இனவாதத்தை வென்ற மனச்சாட்சி தம்மிடம் உண்டு எனக் காட்டுதற்கு அந்நாவல் பயன்பட்டது என ஜொனதன் அராக் 1997இல் வெளியிட்ட ஆய்வில் வாதிடுவது ஈண்டு நோக்கற்பாலது.

இனி மறுப்பின் வரலாறு. 'ஹக்கிள்பெரி பின்' அமெரிக்காவில் வெளியான 1885ஆம் ஆண்டிலேயே, மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கொன்கோர்ட் நகர நூலகம் அதனை விலக்கியது. அடிமை முறை பற்றிய சித்திரிப்பு அங்கு பிரச்சினையாகவில்லை. பண்பற்ற பேச்சும் நாகரிகமற்ற பாத்திரங்களுமே குற்றமாயின. இது கற்றோர் குழாத்தினது வர்க்க ரசனையின் மறுப்பாகும்.

1939 ஓகஸ்ட் மாதம், கலிபோர்னியாவின் கேர்ன் மாவட்ட நிருவாக சபை ஸ்ரைன்பெக்கின் 'கோபத்தின் கனிகள்' நாவலைப் பாடசாலைகளிலும் நூலகங்களிலும் தடைசெய்தது. ஒக்லகோமாவிலிருந்து நிலமிழந்து வந்த உழைப்பாளர் அம்மாவட்டத்தின் பெருந்தோட்டங்களிற் பட்ட துயரையே அந்நாவல் பேசியது. ஆபாசம் என்பது கூறப்பட்ட காரணம். நிலவுடைமையாளரின் நலனே அதன் பின்னணி. இது உடைமை வர்க்கத்தின் மறுப்பு.

1957 செப்ரெம்பரில் நிகழ்ந்ததோ இவ்விரண்டினின்றும் வேறானது. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் இருநூறு தடவைக்கு மேல் வரும் 'ஹக்கிள்பெரி பின்' நாவலை, நியூயோர்க் நகரக் கல்விச் சபை ஆரம்ப, இடைநிலை வகுப்புகளுக்கு அனுமதித்த பாடநூற் பட்டியலிலிருந்து நீக்கியது. அதே மாதத்திலேதான், 1954ஆம் ஆண்டின் உயர்நீதிமன்றத் தீர்ப்பை நடைமுறைப்படுத்தும் பொருட்டு, லிற்றில் றொக் நகரிலே ஒன்பது கறுப்பின மாணவர் இராணுவப் பாதுகாப்புடன் பாடசாலை செல்ல நேர்ந்தது. வெள்ளையர் நிறைந்த வகுப்பில் தனித்து அமர்ந்த கறுப்பின மாணவனின் செவியில், ஆசிரியர் உரத்து வாசிக்கும் அச்சொல் எவ்வாறு ஒலித்திருக்கும்? ஆசிரியரின் அங்கதத்தை உணர்வதற்குப் பாதுகாப்பானதோர் இடைவெளி தேவை. அவ்விடைவெளி அம்மாணவனுக்கு வாய்க்கவில்லை. ஆதலின், அவன் பெற்றோர் எழுப்பிய ஆட்சேபத்தைக் கொன்கோர்ட் கனவான்களின் ஆட்சேபத்தோடு ஒருசேர வைத்தல் வரலாற்றுணர்வற்ற செயலாகும்.

எனினும், அவ்வாட்சேபத்துக்கு நூலை நீக்குதல் விடையாகுமா? விடை நூலுள் இல்லை, பட்டியலிலேயே உளது. 1989இல் ஆதர் அப்பிள்பீ வெளியிட்ட ஆய்வின்படி, அரசினர் உயர்நிலைப் பாடசாலைகளில் மிகப் பரவலாகக் கற்பிக்கப்பட்ட பத்து நூல்களில் 'ஹக்கிள்பெரி பின்' மூன்றாமிடத்தில் இருந்தது. அப்பத்து நூல்களை எழுதியோருட் கறுப்பினத்தவர் எவருமிலர். பெண், ஹாப்பர் லீ ஒருவரே. ஆகவே அடிமை முறையும் இன ஒடுக்குமுறையும் வெள்ளைச் சிறாரின் கண்வழியே மட்டும் கற்பிக்கப்பட்டன. அடிமையாயிருந்து தப்பிய பிரெடெரிக் டக்ளஸ் 1845இலேயே எழுதிய தன்வரலாறு அவ்விடத்தைப் பெறவில்லை. றிச்சட் றைற்றின் தன்வரலாறோ, நியூயோர்க் மாநிலப் பாடசாலைச் சபையொன்று நூலகத்திலிருந்து அகற்றிய நூல்களுள் ஒன்றாகி, 1982இல் உயர்நீதிமன்றம் வரை சென்ற வழக்கிற் பேசப்பட்டது. அண்மைய ஆண்டுகளில் ரொனி மொரிசனின் நாவல்களை விலக்கும் கோரிக்கைகளும் ஒடுக்கப்பட்டோரின் மறுப்பல்ல. அவர்தம் குரலை மறுப்பனவாகும்.

2011இல் வெளியான பதிப்பொன்று அவ்விழிசொல்லை 'அடிமை' என மாற்றியது. இதுவும் தீர்வன்று. அடிமை என்பது 1865இல் ஒழிக்கப்பட்ட சட்டநிலை. இழிசொல்லோ அச்சட்டநிலை ஒழிந்த பின்னரும் நிலைத்த அவமதிப்பு. ஒன்றினிடத்தில் மற்றதை வைப்பின், ருவெயின் எழுதிய காலத்தின் வரலாறே மறைந்துவிடும்.

செந்நெறி நாவலைக் கற்பித்தலென்பது அது தெரியப்பட்ட வரலாற்றையும் மறுக்கப்பட்ட வரலாற்றையும் உடன் கற்பித்தலாகும். அந்நாவலின் இறுதி அத்தியாயங்களில், ரொம் சோயர் ஜிம்மின் விடுதலையை விளையாட்டாக்குகிறான். டக்ளஸின் நூலை அருகில் வைத்துப் படிக்கும் மாணவன், அவ்விளையாட்டின் விலையை யார் செலுத்தினர் எனக் கேட்பான். 2024இல் பேர்சிவல் எவரெற் 'ஜேம்ஸ்' என்னும் நாவலில் அக்கதையை ஜிம்மின் வாயாலேயே கூறவைத்தமை, அவ்வினா இன்னும் உயிர்ப்புடன் உள்ளது என்பதைப் புலப்படுத்துகின்றது. அவ்வினாவுக்கு இடமளிக்கும் வகுப்பறையிலேயே செந்நெறி என்னும் சொல் பொருளுடையதாகும்.