ஓராண்டுக் கனவு: கதை ஓட்டைகளும் பார்வையாளரின் நினைவும்

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேசுவதில் இலக்கிய வாசகர்களுக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. அதிலும் ஒரு தொடரின் ஓட்டைகளை வரிசையாக எடுத்துச் சொல்பவரைக் கண்டால் நமக்குச் சற்று இளக்காரம்தான். "அந்த ரகசியம் அவளுக்குப் போன மாதமே தெரியுமே, இன்றைக்கு ஏன் புதிதாகக் கேட்பவள் போல் அழுகிறாள்?" என்று ஒருவர் கேட்டால், "சீரியலுக்கெல்லாம் லாஜிக் பார்க்கலாமா?" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தக் கேள்வியை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது என்பதே நாம் இங்கே சொல்ல வருவது. அதற்குச் சான்றாக நாம் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் 'டல்லஸ்' தொடரையும், 1986ஆம் ஆண்டு அது தன் பார்வையாளர்களுக்குச் செய்த ஒரு காரியத்தையும்.

டல்லஸுக்குப் போகுமுன் சற்றுப் பின்னால் செல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இந்த வகைக் குறைகூறல் தொலைக்காட்சியோடு பிறந்ததன்று. கதைகள் என்று பத்திரிகைகளில் தவணை முறையில் வரத் தொடங்கினவோ அன்றே இதுவும் வந்துவிட்டது எனலாம். ஆர்தர் கோனன் டாயிலின் டாக்டர் வாட்சனுக்கு 1887இல் வெளிவந்த முதல் நாவலில் தோளில் குண்டடி பட்டிருந்தது. 1890இல் வந்த இரண்டாவது நாவலில் காயம் காலுக்கு இறங்கிவிட்டது. ஜான் என்ற பெயருடைய அவரை ஒரு சிறுகதையில் அவர் மனைவியே ஜேம்ஸ் என்று அழைக்கிறாள். டாயில் இவற்றைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. வாசகர்கள் பொருட்படுத்தினார்கள். 1911இல் ரொனால்ட் நாக்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் இத்தகைய முரண்களை எல்லாம் அடுக்கி ஒரு கட்டுரையே வாசித்தார். வேதநூல் ஆராய்ச்சியாளர்களின் முறையைக் கேலி செய்வதற்காக எழுதப்பட்டது அது. ஆனால் கேலியாகத் தொடங்கிய அந்தப் பழக்கம் பின்னாளில் ஹோம்ஸ் வாசகர்களின் பெரும் பொழுதுபோக்காகவே வளர்ந்தது.

தோள் காயம் காலுக்கு இறங்கியதை வாசகர்கள் விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 1893இல் டாயில் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றதை அவ்வாறு எடுத்துக்கொள்ள முடியவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1903இல், வேறு வழியின்றி டாயில் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார். எப்படிக் கொண்டுவந்தார் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அருவியில் விழுந்தவன் எதிரி மட்டுமே. ஹோம்ஸ் தப்பித்து மூன்றாண்டுகள் தலைமறைவாகத் திரிந்தார். அது வாட்சனுக்கும் தெரியாது. விளக்கம் நம்பும்படியாக இல்லை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வாட்சன் துக்கம் காத்த அந்த மூன்றாண்டுகளை டாயில் அழிக்கவில்லை. நண்பர் எதிரே வந்து நின்றதும் வாட்சன் மயங்கி விழுகிறார். அந்த மயக்கத்தில் வாசகர்களின் பத்தாண்டு ஏக்கத்துக்கும் இடம் இருந்தது.

நம் மொழியிலும் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, கதை சட்டென்று நின்றுவிட்டது என்ற மனக்குறை வாசகர்களிடம் எழுந்தது. கல்கி அதை அலட்சியம் செய்யவில்லை. முடிவுரை ஒன்று எழுதி, பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்பதற்குத் தம்மால் இயன்ற பதிலைத் தந்தார். ஆனால் ஆதித்த கரிகாலனைக் குத்திய கை யாருடையது என்பதை மட்டும் மங்கலாகவே விட்டுவைத்தார். அதைப் பற்றி இன்றும் வாசகர்கள் வாதிடுகிறார்கள். ஆனால் யாரும் அதை ஓட்டை என்று சொல்வதில்லை. ஆசிரியர் தெரிந்தே விட்ட இடம் வேறு, அவர் கவனத்திலிருந்து விடுபட்ட இடம் வேறு என்பதை வாசகர்கள் நன்றாகவே அறிவார்கள்.

இனி டல்லஸுக்கு வருவோம். டெக்சாஸ் மாநிலத்தின் எண்ணெய்ச் செல்வர்களான யூயிங் குடும்பத்தின் கதை அது. டேவிட் ஜேக்கப்ஸ் உருவாக்கிய இத்தொடர் 1978 ஏப்ரலில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி 1991 மே மாதம் முடிவுற்றது. மொத்தம் 357 அத்தியாயங்கள். மூத்தவன் ஜே.ஆர். சூழ்ச்சிக்காரன், கடைசித் தம்பி பாபி நல்லவன், பாபியின் மனைவி பாம், யூயிங்குகளின் பரம்பரைப் பகையாளி வீட்டுப் பெண். பெரிய வீடு, கூட்டுக் குடும்பம், ஓரகத்திகள், சொத்துத் தகராறு. நமக்கு அந்நியமான எதுவும் அதில் இல்லை.

1980 மார்ச் 21 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தின் இறுதியில் ஜே.ஆரை யாரோ சுட்டார்கள். சுட்டவர் யார் என்பதை அறியப் பார்வையாளர்கள் நவம்பர் 21 வரை, எட்டு மாதங்கள், காத்திருக்க நேர்ந்தது. நடிகர்களின் வேலைநிறுத்தம் அந்தக் காத்திருப்பை மேலும் நீட்டியது. ஜே.ஆரின் மனைவி சூ எல்லனின் தங்கை கிரிஸ்டின்தான் சுட்டவள் என்று தெரிந்த அன்றிரவு அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 8 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள் என்பது கணக்கு. அந்த எட்டு மாதங்களில் பெரும்பகுதியும் புதிய அத்தியாயங்கள் வரவில்லை. அதைப் பற்றிய பேச்சு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவரும் பழைய அத்தியாயங்களை நினைவிலிருந்து எடுத்து, யாருக்கு என்ன காரணம் இருந்தது என்று எடைபோட்டார்கள். தொடரின் கதை திரையில் ஓடும் நேரத்தைவிட, இரு தவணைகளுக்கு நடுவே பார்ப்பவர் மனத்தில் ஓடும் நேரம் அதிகம். ஓட்டைகள் கண்ணில் படுவதும் அந்த இடைவெளியில்தான்.

இந்தப் பார்வையாளர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை ஆராய்ந்தவர்களும் உண்டு. நெதர்லாந்தில் இயன் ஆங் என்ற ஆய்வாளர், டல்லஸ் உங்களுக்கு ஏன் பிடிக்கிறது அல்லது ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டு ஒரு பெண்கள் இதழில் சிறிய விளம்பரம் கொடுத்தார். வந்த 42 கடிதங்களை வைத்து 1982இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறையில் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அந்தக் கோடீஸ்வர வாழ்க்கையும் நம்பமுடியாத திருப்பங்களும் நிஜத்துக்கு ஒவ்வாதவை என்பது ரசிகர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அவற்றினூடே வரும் மனவேதனை உண்மையானது என்று அவர்கள் உணர்ந்தார்கள். இதை ஆங் உணர்ச்சியின் மெய்ம்மை என்ற பொருளில் குறிப்பிட்டார்.

1990இல் வெளிவந்த தமர் லீபஸ், எலிஹு கட்ஸ் ஆகியோரின் நூல் இன்னும் சுவையானது. இஸ்ரேலில் வாழும் பல்வேறு சமூகத்தினரைக் குழுக்களாக உட்காரவைத்து, பார்த்த அத்தியாயத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். கணவனை விட்டுக் குழந்தையோடு வெளியேறிய சூ எல்லன் திரையில் சென்றது தன் பழைய காதலனும் அவன் தகப்பனாரும் இருந்த வீட்டுக்கு. அரபுக் குழு ஒன்று அவள் தன் சொந்தத் தகப்பன் வீட்டுக்குப் போனதாகக் கதையைச் சொன்னது. புகுந்த வீட்டில் கசந்த பெண் வேறெங்கே போவாள்? தங்களுக்குப் பொருந்தாத இடத்தை அவர்கள் தாங்களே சரிசெய்துகொண்டார்கள். ஓட்டையைக் கண்டுபிடிப்பவரும் ஓட்டையை அடைப்பவரும் பார்வையாளரே.

அவர்களது பெருந்தன்மைக்கும் குறைவில்லை. யூயிங் குடும்பத்தின் தாயாக பார்பரா பெல் கெடஸ் நடித்துவந்தார். 1984இல் அந்த இடத்துக்கு டோனா ரீட் வந்தார். 1985இல் மீண்டும் பழையவரே வந்தார். தாயின் முகம் இருமுறை மாறியதைப் பிள்ளைகள் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை! தர்க்கப்படி இதைவிடப் பெரிய ஓட்டை இருக்க முடியாது. பழைய முகத்துக்காக ஏங்கியவர்கள் உண்டு என்றாலும் தொடரை யாரும் பொய் என்று தள்ளவில்லை. முகம் மாறினாலும் அந்தத் தாய் பட்டவை எல்லாம் அவள் பட்டவையாகவே இருந்தன.

இந்தப் பின்னணியில்தான் அந்தக் கனவைப் பார்க்க வேண்டும். பாபியாக நடித்த பேட்ரிக் டஃபி விலக விரும்பியதால், 1985 மே 17 அன்று பாபி இறந்தான். பாம் மீது மோத வந்த காரிலிருந்து அவளைத் தள்ளிவிட்டுத் தான் அடிபட்டு, குடும்பத்தார் சூழ உயிர்விட்டான். அடுத்த பருவம் 31 அத்தியாயங்கள் ஓடியது. பார்ப்பவர் எண்ணிக்கை இறங்கியது. ஜே.ஆராக நடித்த லாரி ஹாக்மன் டஃபியைத் திரும்ப வரும்படி வற்புறுத்தினார். விலகியிருந்த தயாரிப்பாளர் லெனர்ட் கட்ஸ்மனும் திரும்பினார். இறந்தவனை எப்படி எழுப்புவது? 1986 மே 16 அன்று பருவத்தின் கடைசிக் காட்சியில் பாம் கண்விழித்துக் குளியலறைக் கதவைத் திறக்கிறாள். உள்ளே பாபி குளித்துக்கொண்டிருக்கிறான். செப்டம்பர் 26 அன்று விளக்கம் வந்தது: பாபி சாகவே இல்லை; ஓராண்டாக நாம் பார்த்தது அத்தனையும் பாம் கண்ட கனவு.

இதில் உள்ள ஓட்டைகளை எண்ணுவது எளிது. பூட்டிய அறைகளில் ஜே.ஆர். நடத்திய வியாபாரச் சதிகளை எல்லாம் பாம் எப்படிக் கனவு கண்டாள்? டல்லஸிலிருந்து கிளைத்து 1979 முதல் ஓடிய 'நாட்ஸ் லேண்டிங்' தொடரில் பாபியின் நடு அண்ணன் கேரி தம்பியின் சாவுக்காகத் துக்கப்பட்டானே, அது யார் கண்ட கனவு? அந்தத் தொடர் தன் கதையைத் திருத்திக்கொள்ளவில்லை. ஒரே குடும்பத்தில் ஒரு தொடரில் பாபி உயிரோடும் மற்றொன்றில் இறந்தும் இருந்தான். அதன்பின் இரண்டு தொடர்களும் ஒன்றோடொன்று கொள்வினை கொடுப்பினை இல்லாத உறவினர் போல் ஆகிவிட்டன.

ஆனால் மெய்யான இழப்பு இந்த ஓட்டைகளில் இல்லை என்று நாம் கருதுகிறோம். அந்த ஓராண்டில் சூ எல்லன் குடியில் மூழ்கி, தெருவில் விழுந்து கிடந்து, சிகிச்சை பெற்று, மெல்ல மெல்லத் தன் காலில் எழுந்து நின்றிருந்தாள். லிண்டா கிரே அதை உருக்கமாக நடித்திருந்தார். ஓரகத்தி கண்விழித்த அந்தக் கணத்தில் சூ எல்லன் எழுந்து நின்றதும் இல்லாமல் போயிற்று. பாபியைத் திருப்பித் தந்தவர்கள் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதை யாரும் கணக்கில் வைக்கவில்லை. வாரந்தோறும் அவளுக்காகக் கவலைப்பட்டவர்களிடம், நீங்கள் கவலைப்பட ஒன்றும் நடக்கவில்லையே என்று தொடர் சொல்லிவிட்டது. பாபி திரும்பியபின் முதற்சில வாரங்கள் கூட்டம் சேர்ந்திருக்கலாம்; ஆயினும் ஆண்டுத் தரவரிசையில் டல்லஸ் தொடர்ந்து கீழேதான் இறங்கியது. கனவு ஒன்றே அதற்குக் காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் ஒருமுறை அழித்தவர்கள் மறுமுறையும் அழிக்கமாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி?

கனவு என்ற உத்தியே பிழை என்பதும் இல்லை. 1990 மே மாதம் 'நியூஹார்ட்' என்ற நகைச்சுவைத் தொடர், தன் எட்டாண்டுக் கதை முழுவதும் அதே நடிகரின் முந்தைய தொடரில் வரும் பாத்திரம் கண்ட கனவு என்று சொல்லி முடிந்தது. மக்கள் அதைக் கொண்டாடினார்கள். அது விடைபெறும்போது செய்த குறும்பு. அதற்குப் பின் பார்வையாளர் நம்ப வேண்டிய கதை எதுவும் மிச்சமில்லை. டல்லஸோ அழித்த கையோடு அடுத்த வாரமும் நம்பச் சொன்னது.

நம் ஊர்த் தொடர்களில் நடிகர் மாறும்போது 'இவருக்குப் பதில் இவர்' என்று ஓர் அட்டை காட்டுவார்கள். நாம் பல காலம் நகைத்திருக்கிறோம். டல்லஸின் கதையைப் படித்தபின் அந்த அட்டையின் மீது நமக்கு மரியாதை கூடியிருக்கிறது. ஒரு குறை நேர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தெரிந்த கதை அப்படியே தொடரும் என்று அது வெளிப்படையாகக் கேட்டுக்கொள்கிறது. பார்ப்பவரும் இரண்டே நாளில் புது முகத்தைப் பழைய பெயரால் அழைக்கத் தொடங்கிவிடுகிறார்.

விடிய விடிய ராமாயணம் கேட்டுவிட்டுச் சீதைக்கு ராமன் சித்தப்பா என்றவனைப் பற்றி நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. கேட்டதை மறந்தவனை இகழ்வதற்காக வந்தது அது. சொன்னவர் மறந்துபோவதற்கு நம்மிடம் பழமொழி இல்லை. கதை சொல்பவர் மறப்பார் என்று நம் முன்னோர் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள் போலும். அப்படி ஒருவர் மறக்கும்போது, "போன மாதமே அவளுக்குத் தெரியுமே" என்று நினைவூட்டுபவர் அந்தக் கதையை அதன் ஆசிரியரைவிடக் கவனமாகக் கேட்டவர். அடுத்த முறை அவரைக் கண்டு சிரிக்காமல் உட்கார்ந்து கேட்போம்.