யானைக்குக் கணக்கு இருந்தது

ரிதியகம சஃபாரி பூங்காவைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் கண்டிக்குத் திரும்ப முடியுமா என்று கேட்டால், முடியும். விடிய மூன்று மணிக்குப் பேராதனையிலிருந்து வேனை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதுகுக்கு நாங்கள் பொறுப்பில்லை. அம்பாந்தோட்டை மாவட்டத்தில் சுமார் 500 ஏக்கரில் 2016இல் திறந்த இடம் அது. மிருகம் வெளியே உலாவ, மனிதன் பஸ்ஸுக்குள் அடைபட்டிருந்து பார்க்கும் பூங்கா இலங்கையில் அதுதான் முதல்.

சிங்கத்தைப் பற்றி எழுதத்தான் நினைத்தோம். ஆனால் கம்பளை, நுவரெலியா, ஹப்புத்தளை, கொஸ்லந்தை, வெல்லவாய என்று நாங்கள் பிடித்த ரோடு இருக்கிறதே, அது முழுக்க யானையின் சரித்திரம். ரோட்டின் இரண்டு பக்கமும் ஒரு யானைகூட இல்லை என்பதுதான் அந்தச் சரித்திரம்.

கம்பளையைத் தாண்டும்போது இருட்டு. அங்கே சின்னப்பிட்டியவில்தான் 1823–24 அளவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டார். மலையகம் 200 என்று நாங்கள் எண்ணுவதும் அங்கிருந்துதான். அதற்கு முன் இந்த மலையெல்லாம் காடு. கண்டி அரசில் யானை அரசனுடைய சொத்து. அவன் உத்தரவில்லாமல் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. யானைப் பந்தியைப் பார்ப்பதற்கென்றே கஜநாயக்க நிலமே என்று ஒரு பதவி இருந்தது. அரசனுக்கு யானை மேல் இரக்கம் என்று இதை வாசிக்க வேண்டாம். யானை என்றால் அதிகாரம், விற்றால் காசு. வடக்கிலும் அப்படித்தான். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாகக் கொண்டுபோய் யாழ்ப்பாணத்தில் விற்றார்கள், ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். பிடித்துக் கொடுக்கப் பணிக்கர்கள் இருந்தார்கள். தலதா மாளிகையின் புகழ்பெற்ற ராஜா யானை, 1988இல் இறந்து இன்று பாடம் செய்து வைக்கப்பட்டிருப்பது, அதுவும் ஏறாவூர்க் காட்டில் பிடிபட்டதுதான். எங்களோடு ஒரு ஏறாவூர்க்காரன் படிக்கிறான். ஒவ்வொரு பெரஹராவுக்கும் இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

ஆக, பிடிக்கிற யானைக்கு ஒரு விலை இருந்தது. அதனால் உயிரோடு இருக்கிற யானை தேவைப்பட்டது. கோப்பி வந்தபோது இது தலைகீழானது. காட்டு நிலத்தை முடிக்குரியது என்று ஆக்கிய 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் ஒருபக்கம். ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு அதைத் துரைமாருக்கு விற்றது மறுபக்கம். அந்த நிலத்தில் நின்ற யானை இனிச் சொத்தல்ல, களை.

விடிந்தபோது நுவரெலியா. அங்கே கொல்ஃப் திடலுக்குப் பக்கத்துப் பழைய இடுகாட்டில் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் கிடக்கிறார். பதுளையில் அரசாங்க அதிபரின் உதவியாளராக இருந்தவர். சுமார் 1,400 யானைகளைச் சுட்டவர் என்று அவர் காலத்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். கல்லறையையும் மின்னல் விட்டுவைக்கவில்லை என்று ஒரு கதை உண்டு. யானைச் சாபம் என்பார்கள். அதே ஊரில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்ற இன்னொரு வேட்டைக்காரரின் பெயரை ஹோட்டன் சமவெளியில் ஒரு நீர்வீழ்ச்சிக்கு வைத்திருக்கிறோம். அங்கே போய் செல்ஃபி எடுக்காத பேராதனை மாணவர் யாரும் உண்டா?

இந்தச் சாபக் கதை கேட்க நல்லாத்தான் இருக்கிறது. எங்களுக்கு அதில் ஒரு பிரச்சினை. ஒரு கெட்ட துரை, ஒரு இடி, கதை முடிந்தது என்று ஆகிவிடுகிறது. உண்மையில் யானையைக் கொன்றது ஒரு துப்பாக்கி அல்ல, ஒரு பொறுப்புச் சீட்டு. அரசாங்கமே ஒரு யானைக்கு இத்தனை சிலிங் என்று சன்மானம் அறிவித்தது. 1845 முதல் 1850 வரை இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் அந்தக் கணக்கைத் தருகிறார். 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேல். 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000. இதே டெனன்ட், மலையில் யானை போட்ட தடங்களைப் பார்த்து, என்னமாய் வழி தேர்ந்திருக்கிறது என்று வியக்கவும் செய்கிறார்.

இந்த எண்களை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது? காசு கொடுத்தார்கள். காசு கொடுத்த இடத்தில் கணக்கு எழுதினார்கள்.

இப்போது அதே ஆண்டுகளை வேறொரு பக்கமிருந்து பாருங்கள். 1840கள். மன்னார்க் கரையில் இறங்கி, அதே வட மாகாணக் காட்டுக்குள்ளால், தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு எங்கள் ஆட்கள் நடந்து வருகிறார்கள். காலரா, பட்டினி, தண்ணீர் இல்லாமை. விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர் நடந்தார்கள். எத்தனை பேர் செத்தார்கள்? அன்றைய பத்திரிகைகளின் மதிப்பீடுகள் இருக்கின்றன, அவை சரியா பிழையா என்று ஆய்வாளர்களின் வாக்குவாதம் இருக்கிறது. பெயர்ப் பட்டியல் இல்லை. ஒரே காடு, ஒரே காலம். செத்த யானைக்கு அரசாங்கப் புத்தகத்தில் ஒரு கோடு விழுந்தது. செத்த மனிதருக்கு விழவில்லை. 2023 ஜூலை, ஆகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நினைவு நடை போனார்களே, அதில் நடந்த ஒருத்தி எங்களோடு வேனில் இருந்தாள். மன்னார்ப் பிள்ளை. நாங்கள் யானைக் கணக்கைச் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப நம்ம ஆளுக்கு ஒரு சிலிங்காவது விலை வச்சிருந்தா எழுதியிருப்பாங்களா?"

பதில் சொல்லத் தெரியாமல் இருக்கும்போதே கொஸ்லந்தை வந்துவிட்டது. வலப்பக்கம் பள்ளம், இடப்பக்கம் மலை. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போன இடம் இந்தப் பக்கம்தான். அன்று செய்தியில் புதைந்தோர் தொகை நூறுக்கும் மேல் என்றார்கள். அடுத்தடுத்த நாட்களில் அது குறைந்து குறைந்து நாற்பதுக்குள் வந்தது. குறைந்தது நல்லதுதான். ஆனால் ஒரு லயத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது 21ஆம் நூற்றாண்டிலும் உடனே சொல்ல முடியாத ஒன்றாகத்தான் இருந்தது. வேனில் பாட்டை நிறுத்தினோம். யாரும் சொல்லி நிறுத்தவில்லை.

வெல்லவாயவுக்குக் கீழே இறங்கியதும் வெயில், புழுதி, மின்சார வேலி. இங்கேதான் யானை மிச்சம் இருக்கிறது. பத்தரை மணி அளவில் பூங்கா.

சிங்கம் நல்ல சிங்கம். வங்கப் புலியும் இருக்கிறது. இன்றைய இலங்கைக் காட்டில் இல்லாத மிருகம் அது. பஸ்ஸில் எங்களில் ஒருவன் தமிழில் "புலி! புலி!" என்று கத்திவிட்டு, சுற்றிப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டான். முன் ஸீட்டில் இருந்த சிங்களக் குடும்பத்தின் தாத்தா திரும்பிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். எங்கள் வயதில் இப்படி ஒரு சொல்லுக்குப் பயப்பட வேண்டியிருக்கிறது.

கூண்டில்லாமல் மிருகம் காட்டும் யோசனை எங்கிருந்து வந்தது என்று தேடினால் அதிலும் இலங்கை வருகிறது. ஹம்பேர்க்கில் கார்ல் ஹாகன்பெக் 1907இல் கம்பிக்குப் பதில் அகழி வெட்டி ஒரு மிருகக்காட்சிச்சாலை திறந்தார். இதே மனிதர் 1880களில் இலங்கையிலிருந்து யானைகளோடு ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தவர். அவருடைய மாற்றாந்தாய் மகனான தம்பி ஜோன் ஹாகன்பெக் கொழும்பில் மிருக வியாபாரம் செய்தார். அவர் வைத்திருந்த மிருகத் தொகுதிதான் 1936இல் அரசாங்கம் கையேற்று தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையாக வளர்ந்தது. வண்டிக்குள் மனிதனை வைக்கும் முறை பிறகு வந்தது. தோக்கியோவின் தாமா பூங்கா 1964இல் சிங்க பஸ் விட்டது. 1966இல் இங்கிலாந்தின் லோங்லீற்றில் ஒரு பிரபுவின் தோட்டத்துக்குள், சர்க்கஸ் குடும்பத்து ஜிம்மி சிப்பர்ஃபீல்டின் உதவியோடு, கார் ஓட்டிக்கொண்டே சிங்கம் பார்க்க வசதி செய்தார்கள். ஆபிரிக்காவில் ஆட்சி போய்க்கொண்டிருந்த பத்தாண்டில் ஆபிரிக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று எங்களுக்குத் தோன்றியது. கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனால் "சஃபாரி" என்ற சொல் வேட்டைக்குப் போன துரைமாரின் சொல்லாகத்தான் எங்களிடம் வந்தது.

சுட்டு முடித்த பிறகு காப்பாற்றத் தொடங்கினார்கள். யானையைக் கண்டபடி கொல்வதைத் தடுக்கும் சட்டம் 1891இல் வந்தது. பக்கத்து யாலவின் ஒரு பகுதி முதலில் உள்ளூர் வேட்டைக்காரருக்கான ஒதுக்கிடம், 1938இல்தான் தேசியப் பூங்கா. ரிதியகம இருக்கும் அம்பாந்தோட்டையோ டெனன்ட்டின் அந்த 2,000 யானை விழுந்த அதே தென் மாகாணத்தில். பூங்கா திறந்த 2016ஆம் ஆண்டின் மார்ச்சில் இன்னொன்றும் நடந்தது. கொஞ்சம் தள்ளி, காட்டை வெட்டிக் கட்டிய மத்தல விமான நிலையத்தின் ஓடுபாதையிலிருந்து மான், எருமை, யானைகளை விரட்ட நூற்றுக்கணக்கான இராணுவத்தினரையும் பொலிஸாரையும் வெடி கொளுத்த அனுப்பினார்கள். ஒரு பக்கம் மிருகத்தை இறக்குமதி செய்து வேலிக்குள் விடுகிறோம், மறுபக்கம் இருந்ததைத் துரத்துகிறோம்.

பின்னேரம் திரும்பும்போது தணமல்விலப் பக்கம் தோட்டங்களில் பரண்களில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கையில் ரோர்ச்சும் யானை வெடியும். 2023இல் மட்டும் நாட்டில் 450க்கும் மேற்பட்ட யானைகளும் 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் இந்தச் சண்டையில் செத்துப் போனதாகப் பதிவாகியிருக்கிறது. தேத்தண்ணி குடிக்க நிறுத்திய கடையில் முதலாளி, எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். யானை பார்க்க என்று சொல்ல வாய் வரவில்லை. சிங்கம் பார்க்கப் போனோம் என்றோம். அவருக்கு நம்பவே முடியவில்லை, சிங்கத்துக்காகவா கண்டியிலிருந்து வந்தீர்கள் என்றார். ஆனை வேண்டுமென்றால் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு இங்கேயே இருங்கள், டிக்கட் இல்லை என்றார்.