முகம் யாருடையது? ப்ரொஃபைல் படத்துக்கு ஒரு சின்ன வரலாறு

ஃப்ரீலான்ஸ் வேலைக்கென்று ஒரு தளத்தில் கணக்குத் திறந்தவர்களுக்கு இந்தக் கட்டம் தெரியும். பெயர் போட்டாச்சு. செய்யத் தெரிந்த வேலை போட்டாச்சு. மணித்தியாலத்துக்கு எத்தனை டொலர் என்றும் யோசித்துப் போட்டாச்சு. அடுத்ததாக ஒரு வெறும் வட்டம் வந்து நிற்கும்: உங்கள் படம். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். நாலு பேரோடு நிற்கிற படம் வேண்டாம். லோகோ வேண்டாம். கறுப்புக் கண்ணாடி வேண்டாம். கொஞ்சம் சிரித்தால் நல்லது.

எங்கட பட்ச்சில் மொழிபெயர்ப்பு, டிசைன், டேட்டா என்ட்ரி என்று இந்தப் பக்கம் போகிறவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். கலைப்பீடம் முடித்துவிட்டு நியமனத்துக்காகக் காத்திருக்கும் அக்காமார், அண்ணாமாரைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் கனபேர் தயங்கி நிற்கிறது அந்த வட்டத்துக்கு முன்னால்தான். "சும்மா ஒரு போட்டோ தானே, பேஸ்புக்கில இருக்கிறதப் போட்டு விடு" என்று சொல்லலாம். கறுப்பாத் தெரிந்தால் வேலை தருவாங்களா என்று ஒருவர் கேட்கிறார். என்ர படத்தை ஆரும் எடுத்து வேற எதுக்கும் பாவிச்சால் என்ன செய்யிறது என்று இன்னொருவர் கேட்கிறார். இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுமே இணையத்தைவிட வயசு கூடியவை.

முகப்படத்துக்கு ஆரம்பத்திலிருந்தே இரண்டு வேலை இருந்தது. ஒன்று, நாங்கள் எங்களை அறிமுகப்படுத்த எடுப்பிக்கிற படம். மற்றது, எங்களை இன்னார் என்று பதிந்து வைக்க மற்றவர்கள் எடுக்கிற படம். இந்த இரண்டு வழியும் எப்படி வந்து அந்த வட்டத்துக்குள் சந்தித்தன என்றுதான் இந்தக் கட்டுரையில் பார்க்கிறோம்.

நிழலை விற்ற பெண்

1839இல் பிரான்சில் டாகேர் தன் முறையை வெளியிட்டபோது, ஒரு படம் என்றால் வெள்ளி பூசிய ஒரு செப்புத் தகடு. அதற்குப் பிரதி கிடையாது. 1854இல் பாரிஸைச் சேர்ந்த டிஸ்டேரி என்ற படப்பிடிப்பாளர் ஒரு காப்புரிமை பெற்றார். ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுப் படம் எடுத்து, கடதாசியில் அச்சிட்டு வெட்டி, விசிட்டிங் கார்ட் அளவு மட்டையில் ஒட்டுகிற முறை அது. விலை சரிந்தது. அறிமுகமில்லாத ஒருவரின் முகம் இன்னொருவரின் பாக்கெட்டுக்குள் போக முடிந்தது. இன்றைய ப்ரொஃபைல் படத்துக்குத் தாத்தா யார் என்று கேட்டால் நாங்கள் இந்த மட்டையைத்தான் காட்டுவோம்.

அதை அரசியல்வாதிகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். 1860 பெப்ரவரி 27 அன்று, நியூயோர்க்கில் ஒரு முக்கியமான பேச்சுக்கு வந்திருந்த ஆபிரகாம் லிங்கன், மத்யூ பிரேடியின் ஸ்டூடியோவில் படம் எடுத்தார். லிங்கனின் தோற்றத்தை எதிராளிகள் நக்கலடித்துக்கொண்டிருந்த காலம். கழுத்து நீளமாகத் தெரியாமல் இருக்க பிரேடி கொலரை மேலே இழுத்து விட்டாராம். அந்தப் படம் சின்ன மட்டைகளாகவும் பத்திரிகைச் சித்திரமாகவும் ஊரெல்லாம் போனது. அந்த வருடமே அவர் ஜனாதிபதியாகத் தெரிவானார்.

ஆனால் ஃப்ரீலான்ஸ் செய்கிறவர்கள் தெரிந்திருக்க வேண்டியவர் லிங்கன் இல்லை, சொஜர்னர் ட்ரூத். நியூயோர்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1826இல் எஜமானை விட்டு வெளியேறி, பிறகு அடிமை முறைக்கு எதிராகவும் பெண்களின் உரிமைக்காகவும் ஊர் ஊராகப் பேசினார். எழுத வாசிக்கத் தெரியாது. மாதச் சம்பளம் என்று ஒன்றும் இல்லை. 1860களில் அவர் தன் படத்தை அந்தச் சின்ன மட்டைகளில் அச்சிட்டு, கூட்டங்களிலும் தபாலிலும் விற்றார். தன் உயிர் வாழ்க்கைக்காகத் தன் நிழலை விற்பதாக மட்டையிலேயே அச்சிட்டிருந்தார். 1864இல் அந்தப் படங்களின் பதிப்புரிமையையும் தன் பெயரிலேயே பதிந்தார். படப்பிடிப்பாளர்களின் பெயரில் உரிமை பதியப்படுவதே வழமையாக இருந்த காலத்தில் இது பெரிய காரியம்.

படத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்றும் பாருங்கள். அதே வருடங்களில் சாட்டையடித் தழும்பு நிறைந்த ஒரு கறுப்பின மனிதரின் முதுகுப் படம் அமெரிக்கா முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. நல்ல நோக்கத்துக்காகத்தான். ட்ரூத் அந்த மாதிரி நிற்கவில்லை. வெள்ளைச் சால்வை, கண்ணாடி, கையில் பின்னல் நூல், பக்கத்து மேசையில் புத்தகம், பூ. என்னைப் பார்த்து இரங்காதேங்கோ, நான் வேலை செய்கிற மனுசி என்று சொல்வது போன்ற படம்.

"கொஞ்சம் சிரியுங்கள்" என்ற ஆலோசனைக்கும் இந்தக் காலத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. அடிமை முறையிலிருந்து தப்பி வந்து பெரும் பேச்சாளரான ஃப்ரெடரிக் டக்ளஸ், 19ஆம் நூற்றாண்டில் ஆகக் கூடுதலாகப் படம் எடுக்கப்பட்ட அமெரிக்கர்களில் ஒருவர். ஏறத்தாழ 160 படங்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் அவர் அநேகமாகச் சிரிப்பதே இல்லை. பல்லைக் காட்டிச் சிரிக்கும் அடிமை என்று கேலிச்சித்திரங்கள் கீறிய காலத்தில், சிரிக்காமல் நேரே பார்ப்பது அவர் தெரிந்தே எடுத்த முடிவு.

பெயர் எழுதப்படாத முகங்கள்

இதே காலத்தில் எங்கட நாட்டில் என்ன நடந்தது? கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் என்று ஏ.எல். பாடத்தில் படித்திருப்போம். அந்தக் கமரனின் மனைவி ஜூலியா மார்கரெட் கமரன், உலகப் புகழ் பெற்ற படப்பிடிப்பாளர். இங்கிலாந்தில் டார்வின், டெனிசன் போன்றவர்களை அவர் எடுத்த படங்கள் இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. 1875இல் குடும்பம் இலங்கைக்கு வந்தது. இங்கே தோட்டங்கள் இருந்தன. 1879இல் இங்கேயே இறந்தார், போகவந்தலாவையில் அடக்கம்.

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் மிஞ்சியவை கொஞ்சப் படங்கள்தான். களுத்துறை வீட்டுக்கு வந்த ஆங்கிலேய ஓவியர் மரியான் நோர்த்தின் படம் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. கூலி வேலை செய்த ஆண்கள், பெண்களின் படங்களும் இருக்கின்றன. அவர்களில் தமிழர்கள் பலர் என்று கருதப்படுகிறது. அந்த முகங்களும் டார்வினின் முகம் அளவுக்குக் கவனத்தோடுதான் எடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் பெயர் இல்லை. பிறகு 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற கொழும்பு நிறுவனங்கள் விற்ற தபாலட்டைகளிலும் இதுதான் வழக்கம். இனம், தொழில் இரண்டும் கீழே அச்சாகியிருக்கும், ஆளின் பெயர் இராது. விற்பனைக் காசும் அந்த முகத்துக்குரியவரிடம் போயிருக்காது.

ட்ரூத்தின் படமும் விற்பனைக்கு வந்தது, இவர்களின் படமும் வந்தது. யார் விற்றார்கள் என்பதுதான் வித்தியாசம்.

பக்கவாட்டு முகம்

ப்ரொஃபைல் என்ற சொல்லுக்கு முதலில் இருந்த கருத்து, பக்கவாட்டில் தெரியும் முகக் கோடு. 1880களில் பாரிஸ் பொலிஸில் வேலை செய்த அல்ஃபோன்ஸ் பெர்ட்டியோன், கைதானவர்களைப் படம் எடுக்க ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார். ஒரே கதிரை, ஒரே தூரம், ஒரே வெளிச்சம். நேர்முகம் ஒன்று, பக்கவாட்டு முகம் ஒன்று. முகத்தில் உணர்ச்சி கூடாது. பின்னால் ஒன்றும் தெரியக் கூடாது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் கடவுச்சீட்டுகளில் படம் ஒட்டுவது பரவியபோது, இதே ஒழுங்கு சாதாரண மனிதர்களிடமும் வந்து சேர்ந்தது.

இலங்கையில் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் ஆட்பதிவைக் கொண்டுவந்தது. 1972 முதல் தேசிய அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கட ஊர்களில் கனபேருக்கு வாழ்க்கையில் முதல் தனிப்படமே அடையாள அட்டைக்கு எடுத்ததுதான். ஸ்டூடியோவில் "நாடியக் கொஞ்சம் இறக்குங்கோ, சிரிக்காதேங்கோ" என்று சொல்லி எடுத்த படம். யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளைப் பற்றி அம்மா, அப்பா சொல்லும்போது அந்தப் படம் கட்டாயம் வரும். அட்டையை ஒருக்கால் பார்ப்பான், முகத்தை ஒருக்கால் பார்ப்பான், பிறகும் அட்டையைப் பார்ப்பான். அந்த இடைவெளியில் மூச்சு விடாமல் நின்றவர்களின் பிள்ளைகள் நாங்கள்.

ஆனால் ஒரு படம் எடுத்த நோக்கத்தோடேயே நின்றுவிடுவதில்லை. 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் ஏந்தி இருந்த படங்களை நினைத்துப் பாருங்கள். பாஸ்போட் சைஸ் படத்தைப் பெரிசாக்கியவை அவற்றில் உண்டு. இடம்பெயர்வுகளில் அல்பம் தொலைந்த வீடுகளில் வேறு படம் மிஞ்சவில்லை. சோதிப்பதற்கென்று எடுத்த முகத்தை வைத்தே, இந்தப் பிள்ளை எங்கே என்று தாய் அரசைக் கேட்கிறார்.

இரண்டும் சந்திக்கும் வட்டம்

1999இல் ஈலான்ஸ் என்ற தளம் தொடங்கியது. பிறகு ஓடெஸ்க்கோடு இணைந்து 2015இல் அப்வேர்க் என்று பெயர் மாறியது. 2010இல் ஃபைவர் வந்தது. முன்பின் பார்க்காத இருவர், கடல் தாண்டி, காசு விஷயத்தில் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டும். அதனால் அந்த வட்டத்துக்குள் இரண்டு வேலையும் ஒன்றாக வந்தது. டிஸ்டேரியின் மட்டை போல அது ஆளைக் கவர வேண்டும். பெர்ட்டியோனின் படம் போல அடையாள அட்டையோடு பொருந்தவும் வேண்டும்.

முகத்தைக் காட்டினால் நம்பிக்கை மட்டும் வருவதில்லை. 2014இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளி ஆய்வாளர் இருவர் நியூயோர்க்கின் ஏர்பிஎன்பி வீடுகளை ஆராய்ந்தார்கள். ஒரே தரமான வீட்டுக்கு, கறுப்பினத்தவர் அல்லாத உரிமையாளர்கள் ஏறத்தாழ 12 வீதம் கூடுதலான வாடகை கேட்க முடிந்தது. உரிமையாளர் யார் என்று படத்தில் தெரிந்தது. 2018இல் அந்த நிறுவனம் விருந்தாளியின் படத்தை, வீடு உறுதியான பிறகுதான் உரிமையாளருக்குக் காட்டுவது என்று மாற்றியது. கறுப்பாத் தெரிந்தால் வேலை தருவாங்களா என்ற கேள்வி வெறும் தாழ்வு மனப்பான்மை இல்லை என்பதற்கு இது போதும்.

கமராவும் இதில் நடுநிலை இல்லை. கொடாக் நிறுவனம் கலர்ப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வுகூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தார். முதல் மொடலின் பெயரால் அதை ஷேர்லி கார்ட் என்பார்கள். அவரின் தோல் சரியாக வந்தால் படம் சரி. கரும் தோலின் விபரங்கள் வராமல் போனது நீண்ட காலம் ஒரு பிழையாகவே எண்ணப்படவில்லை.

சரி, எப்படி எடுப்பது?

இந்த வரலாற்றிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட சில விஷயங்கள்:

முதலாவது வெளிச்சம். காலமை அல்லது பின்னேரம், நேர் வெயில் விழாத யன்னலைப் பார்த்து, முகத்தைக் கொஞ்சம் ஒரு பக்கம் திருப்பி நில்லுங்கள். தலைக்கு மேல் எரியும் பல்ப் கண்ணுக்குக் கீழே நிழல் விழுத்தும். பளிச்சென்ற வெள்ளைச் சுவர் பின்னால் இருந்தால் போன் அந்த வெள்ளைக்கு ஏற்ற மாதிரி வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் இருண்டுபோகும். மங்கலான நிறச் சுவர் நல்லது. திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். இது தோலை வெளுக்கச் செய்வதல்ல, இருக்கிற நிறத்தை வடிவாகத் தெரியச் செய்வது.

இரண்டாவது, பியூட்டி ஃபில்டரை நிப்பாட்டுங்கள். பல போன்களில் அது கேட்காமலே வேலை செய்யும். நாளைக்கு வீடியோ அழைப்பில் வருகிறவரும் படத்தில் இருக்கிறவரும் வேறு வேறாகத் தெரிந்தால் நம்பிக்கைதான் போகும்.

மூன்றாவது, கமரா கண் மட்டத்தில் இருக்கட்டும். கையை நீட்டிச் செல்ஃபி எடுத்தால் மூக்குப் பெருக்கும். கூட்டாளி ஒருவரிடம் போனைக் கொடுத்து நாலடி தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். தோளும் முகமும் போதும். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், வராவிட்டால் டக்ளஸை நினைத்துக்கொண்டு நேரே பாருங்கள்.

நாலாவது, பெட்டைகள் கேட்கிற அந்தப் பயம். முழுத் தீர்வு எங்களிடம் இல்லை. வேலைக்கென்று தனியாக ஒரு படம் எடுங்கள், அதைப் பேஸ்புக்கிலோ இன்ஸ்டாவிலோ போடாதேங்கோ. பிறகு கூகுள் படத் தேடலில் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தால், வேறு எங்காவது அது பாவிக்கப்படுகிறதா என்று பிடிக்க ஒரு வழி இருக்கும். பெரிய அளவு மூலப் படத்தை உங்களிடமே வைத்துக்கொண்டு, தளத்துக்குச் சின்ன அளவை மட்டும் ஏற்றுங்கள்.

இதையெல்லாம் செய்தாலும் சில வாடிக்கையாளர்கள் எங்கட முகத்தையும் நாட்டுப் பெயரையும் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போவார்கள். அது படத்தின் குறையல்ல. அவர்களுக்காக வெளுத்த முகத்தையோ வேறு ஒருவரின் முகத்தையோ அந்த வட்டத்துக்குள் வைக்கத் தேவையில்லை. களுத்துறையில் படம் எடுக்கப்பட்ட அந்தப் பெண்களுக்குத் தங்கள் படத்துக்குக் கீழே பெயர் எழுதக் கிடைக்கவில்லை. எங்களுக்குப் பெயரும் விலையும் நாங்களே எழுதக் கிடைத்திருக்கிறது, விலையைக் குறைத்து எழுதாதேங்கோ.