கல்லின் வயிற்றைக் குடைந்தவர்கள்

1684இல் சீனப் பேரரசர் காங்ஷி தெற்கே பயணம் போனபோது, நான்ஜிங்கில் இயேசு சபைப் பாதிரியார்கள் காணிக்கைகளோடு வந்து பார்த்தார்கள். மற்றவற்றைத் திருப்பிக் கொடுத்த பேரரசர் மூக்குப்பொடியை மட்டும் வைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள்.

ஐரோப்பியர்கள் பொடியைச் சிறு பெட்டிகளில் வைத்திருந்தார்கள். சீனாவின் ஈரக்காற்றில் அது கட்டிதட்டிவிடும், மணமும் போய்விடும். அங்கே மருந்து வைக்கச் சின்னக் குப்பிகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. குறுகிய வாய், இறுகப் பிடிக்கும் தக்கை, தக்கையோடு சேர்ந்து அடிவரை எட்டும் குட்டிக் கரண்டி என்று பொடிக்குத் தோதான கலம் உருவானது. 1696இல் பெய்ஜிங் அரண்மனையில் கிலியன் ஸ்டம்ஃப் என்ற ஜெர்மானியப் பாதிரியாரின் மேற்பார்வையில் தொடங்கிய கண்ணாடிப் பட்டறையிலும் குப்பிகள் பிறந்தன. பீங்கானிலும் எனாமலிலும் செய்தார்கள். ஆனால் என் மனம் நிற்பது கல் குப்பியில், அதிலும் அகேட் என்ற கடினமான கல்லில்.

அகேட்டை எஃகுக் கத்தி கீறாது. மிதித்துச் சுழற்றும் சக்கரத்தில் கடினக்கல் தூளையும் நீரையும் குழைத்துப் பூசித் தேய்த்துத்தான் உருவம் கொண்டுவர வேண்டும். வெளிப்புறமாவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே? முதலில் கழுத்து வழியாக நேராக ஒரு துளை. பிறகு வளைந்த இரும்புக் கம்பிகளை அதற்குள் விட்டு, தோள்பகுதிவரை பக்கவாட்டில் குடைய வேண்டும். சுண்டுவிரல்கூட நுழையாத வாய் அது. எவ்வளவு தேய்ந்தது, இன்னும் எவ்வளவு சுவர் மிச்சம் என்பதைக் கைதான் சொல்ல வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் சுவர் ஓட்டையாகி அத்தனை நாள் உழைப்பும் பாழ். நன்றாகக் குடைந்த அகேட் குப்பிகள் தண்ணீரில் மிதக்கும். கல் மிதக்கிறது என்பதைவிட அந்தக் கைவினைஞருக்கு வேறென்ன பாராட்டு வேண்டும்? அவர்களில் பெரும்பாலோரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

சில கற்களில் இயற்கையாகவே பழுப்புத் திட்டுகள் இருக்கும். அவற்றைக் குறையென்று ஒதுக்காமல், வெளிர்ப்பகுதியைத் தேய்த்துத் தள்ளி, திட்டைக் குரங்காகவோ கழுகாகவோ குதிரையாகவோ நிறுத்தினார்கள். படத்தைக் கல்லே பாதி வரைந்துவிடுகிறது. மீதியைக் கண்டுபிடிப்பது ஒரு கண்.

அப்படிப் பிறந்த குப்பி அதிகாரியின் சட்டைக் கைக்குள்ளோ இடுப்புப் பையிலோ குடியேறும். நண்பரைப் பார்த்ததும் குப்பியை எடுத்துப் பொடி தருவதுதான் மரியாதை. வாங்கியவர் பொடியோடு குப்பியின் வேலைப்பாட்டையும் மெச்சுவார். உள்ளங்கையில் அடங்கி விரல்களால் தடவப்படுவதற்காகவே அந்த வளைவுகளைச் செய்தார்கள்.

1912இல் பேரரசு வீழ்ந்தது. பொடியின் இடத்தை சிகரெட் பிடித்தது. குப்பிகள் வியாபாரிகளிடம் போய், கடல் கடந்தன. அமெரிக்கச் சேகரிப்பாளர் லில்லா பெர்ரி 1960இல் இவற்றுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். மேரி, ஜார்ஜ் பிளாக் தம்பதியின் பெரும் சேகரிப்பு 2010 முதல் ஹாங்காங்கில் பல கட்டங்களாக ஏலத்துக்கு வந்தது.

இந்த அலைச்சலில் பல குப்பிகள் தங்கள் மூடியை இழந்தன. வேறொரு குப்பியின் மூடி வந்து உட்கார்ந்தது. அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் மூடியும் தெரிகிறது, குரங்கும் தெரிகிறது. குடைந்த வேலை மட்டும் தெரிவதில்லை. அதை அறிய ஒரே வழி குப்பியைக் கையில் எடுத்து அதன் கனமின்மையை உணர்வதுதான். அந்த வாய்ப்பைப் பார்வையாளருக்கு எப்போதாவது ஒருமுறையேனும் தர வேண்டும்.