பாலே பார்க்க ஓர் இருக்கை

2018 நவம்பர் 13, செவ்வாய்க்கிழமை இரவு. லண்டன் புறநகரில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய ஒரு திரையரங்கில் உட்கார்ந்திருந்தேன். நகரின் நடுவே, ராயல் ஓபரா ஹவுஸ் மேடையில் ராயல் பாலே குழுவினர் ஆடிக்கொண்டிருந்த ‘லா பயாடேர்’, அதே நொடியில் எங்கள் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அரங்கில் முப்பது பேர் இருந்திருப்போம். பெரும்பாலும் பெண்கள், நரைத்த தலைகள். பாதிப் பேர் என்னைப் போலத் தனியாக வந்தவர்கள்.

முதல் இடைவேளையில் அலைபேசியை உயிர்ப்பித்தேன். வீட்டிலிருந்து ஏழு தவறிய அழைப்புகள். பதறிப்போய் அழைத்தால், “பாப்பாவோட இருமல் மருந்து எங்க?” என்றார் கணவர். வழக்கம்போல் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தான் இருந்தது. சொல்லிவிட்டு அலைபேசியை மறுபடி அணைத்தேன். அணைத்தபோது எனக்குள் எழுந்த குற்றவுணர்வு, இந்தக் கட்டுரையின் ஒரு பாதி.

அன்று வீடு திரும்பியதும் அவர் அன்பாகத்தான் கேட்டார்: “இதெல்லாம் வீட்லயே லேப்டாப்ல வந்துடுமே. எதுக்கு இந்தக் குளிர்ல அலையற?” நியாயமான கேள்வி போலத்தான் இருந்தது. அதற்குப் பதில் தேடி நான் பாலேயின் வரலாற்றைப் படிக்கப் போனேன்.

அந்த வரலாற்றில் பெரும்பகுதி மேடையில் ஆடியவர்களைப் பற்றியது. எனக்கு வேண்டியிருந்ததோ எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றிய சேதி. 1831இல் பாரிஸ் ஓபராவின் இயக்குநரான லூயி வெரோன், நடனப் பெண்கள் உடற்பயிற்சி செய்யும் பின்கூடத்தைப் பணக்காரச் சந்தாதாரர்களுக்குத் திறந்துவிட்டார். ஆண்டுச் சந்தா கட்டிய கனவான்கள் காட்சிக்கு முன்னும் இடைவேளையிலும் உள்ளே போய்ப் பெண்களோடு பேசலாம், பேரம் பேசலாம். ஓவியர் தெகாவின் படங்களில் மேடையோரம் நிற்கும் கறுப்புக் கோட்டு ஆண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் வழிதவறி வந்தவர்கள் அல்ல. அங்கே நிற்கும் உரிமையைக் காசு கொடுத்து வாங்கியவர்கள்.

அவர்கள் வசதிக்கு ஏற்பத்தான் கலையும் நேரம் பார்த்து நடந்தது. இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தாமதமாக வரும் ஜாக்கி கிளப் உறுப்பினர்களுக்காக, ஓபராக்களில் பாலே இரண்டாம் அங்கத்தில்தான் வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். 1861இல் ‘டான்ஹாய்சர்’ ஓபராவில் வாக்னர் அதை முதல் அங்கத்தில் வைத்தார். விசிலும் கூச்சலுமாக அவர்கள் செய்த ரகளையில் மூன்றே காட்சிகளோடு ஓபரா நின்றுபோனது. ஓர் ஆணின் சாப்பாட்டு நேரத்துக்காக மேடை காத்திருந்தது. வீட்டில் எல்லோருடைய சாப்பாட்டு நேரத்துக்கும் காத்திருப்பவள் நான். இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும்.

மேடையின் மறுபக்கம் இருந்தவர்களில் ஒருத்தியின் பெயர் மரி வான் கோதெம். தெகாவின் புகழ்பெற்ற ‘பதினான்கு வயது நடனச் சிறுமி’ சிலைக்கு மாதிரியாக நின்றவள். அவளுடைய தாய் துணி வெளுக்கும் தொழிலாளி. சிலை 1881இல் காட்சிக்கு வந்தபோது, அந்தச் சிறுமியின் முகத்தில் குற்றவாளியின் சாயலைக் கண்டதாக விமர்சகர்கள் எழுதினார்கள். அடுத்த ஆண்டு மரியை ஓபரா வேலையிலிருந்து நீக்கியது. அதன்பின் அவள் வாழ்க்கை பதிவேடுகளிலிருந்து மறைந்துபோகிறது. மகள் ஆடிய அரங்கில், ஊரார் துணியை வெளுத்த அந்தத் தாய்க்கு ஒருநாளாவது முன்வரிசையில் இடம் கிடைத்திருக்குமா?

அதே 1881இல் அதே பாரிஸில் இன்னொன்றும் நடந்தது. மின்சாரக் கண்காட்சிக்கு வந்தவர்கள் தொலைபேசிக் குழாயைக் காதில் வைத்து, ஓபரா மேடையில் பாடுவதை அங்கிருந்தே கேட்டார்கள். கிளெமான் அதெர் என்ற பொறியாளரின் ஏற்பாடு அது. 1890 முதல் இந்தச் சேவை சந்தாவுக்கும் கிடைத்தது. காசுள்ளவர்கள் வீட்டிலிருந்தபடியே ஓபரா கேட்டார்கள். ‘வீட்டில் நேரலை’ என்பது அவ்வளவு பழைய ஆசை. ஆனால் கம்பி வழியாகக் குரல் போகும், நடனம் போகாது. நடனத்தைப் பார்க்க அரங்குக்குத்தான் போயாக வேண்டும், அரங்கோ கறுப்புக் கோட்டுக்காரர்களின் கையில்.

இந்த வரலாற்றில் நம் ஊர்ப் பெண்களும் இருக்கிறார்கள். 1838இல், கடலூருக்கு அருகே உள்ள திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த ஐந்து தேவதாசிகளும் மூன்று ஆண் கலைஞர்களும் ஒரு பிரெஞ்சு ஒப்பந்தக்காரரோடு கப்பலேறிப் பாரிஸ் போனார்கள். அங்கே எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1830இல், ஓபரா மேடையில் மரி தாலியோனி ‘பயாடேர்’ வேடம் கட்டி ஆடியிருந்தார். பயாடேர் என்றால் ஐரோப்பியர் நம் ஆடற்பெண்களுக்கு வைத்த பெயர். ‘நடனக்காரி’ என்ற பொருளுள்ள போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. கற்பனை தேவதாசிக்கு ஓபரா மேடை கிடைத்தது. உண்மையான தேவதாசிகள் வந்தபோது கிடைத்தது வெரைட்டே என்ற வேறொரு கொட்டகை. அவர்களில் அம்மணி என்ற இளம்பெண்ணைப் பற்றிக் கவிஞர் தியோஃபில் கோத்தியே மயங்கி மயங்கி எழுதினார். சிற்பி பார் அவளுக்குச் சிறு வெண்கலச் சிலை செய்தார். அம்மணி பாரிஸைப் பற்றி என்ன நினைத்தாள் என்று கேட்டு எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பெத்திபா அமைத்த ‘லா பயாடேர்’ அந்தக் கற்பனையின் வளர்ச்சிதான். நிகியா ஒரு கோயில் நடனக்காரி. தலைமைப் பிராமணன் அவளை விரும்புகிறான். அவளோ சோலோர் என்ற வீரனை விரும்புகிறாள். அவனுக்கோ ராஜாவின் மகளோடு திருமணம் நிச்சயமாகிறது. பூக்கூடைக்குள் ஒளித்துவைத்த பாம்பு தீண்டி நிகியா சாகிறாள். நம் மாகாணத்தில் பெண்களைப் பொட்டுக்கட்டுவது 1947இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஐரோப்பிய மேடைகளில் நிகியா இன்றும் பூக்கூடையோடு சாகிறாள். 2019 டிசம்பரில், போல்ஷோய் அரங்கின் இதே பாலேக்காக இளம்பெண்கள் முகத்தில் கறுப்புச் சாயம் பூசியிருந்த படத்தை வெளியிட்டு, அமெரிக்கக் கறுப்பினப் பாலே கலைஞர் மிஸ்டி கோப்லண்ட் கண்டித்தார். மாற்றும் எண்ணமில்லை என்று போல்ஷோய் நிர்வாகம் சொல்லிவிட்டது.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் போய்ப் பார்க்கிறேன்? நிழலுருவங்கள் இறங்கும் காட்சிக்காக. சரிவான மேடைப் பாதையில் வெள்ளை உடுத்திய 24 பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தபடி இறங்கி வருகிறார்கள். முதலில் வருகிறவள் அந்த அசைவை எத்தனை முறை செய்ய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். எவர் பெயரும் சுவரொட்டியில் இருக்காது. ஒருத்தி தடுமாறினால் மட்டும் எல்லோர் கண்ணிலும் படும். வீட்டு வேலை செய்யும் எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கணக்கு புரியும்.

திரையரங்கில் கேமரா இதை எப்படிக் காட்டுகிறது என்பது முக்கியம். இருபது பெண்களின் வரிசை நீண்டுகொண்டே போகும்போது பார்வை திடீரென நாயகியின் முகத்துக்குத் தாவினால், மற்றவர்கள் திரைச்சீலை ஆகிவிடுகிறார்கள். மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் யாரைப் பார்ப்பது என்று தானே முடிவு செய்யலாம். திரைக்கு முன் இருப்பவருக்காக இயக்குநர் முடிவு செய்கிறார். ஆனால் அதே கேமராதான் வேர்வையையும், ஏறி இறங்கும் மார்பையும், மரப்பலகையில் காலணி மோதும் சத்தத்தையும் கொண்டுவந்து தந்தது. பாலே இருநூறு ஆண்டுகளாக மறைக்கப் பாடுபட்டது இந்த உழைப்பைத்தான். 1862இல் பாரிஸில் எம்மா லிவ்ரி என்ற இளம் கலைஞரின் பாவாடையில் மேடையின் எரிவாயு விளக்கிலிருந்து தீப்பற்றியது. எட்டு மாதம் வேதனைப்பட்டு இறந்தார். தீப்பிடிக்காதபடி பதப்படுத்திய துணி அப்போதே இருந்தது. அது விறைத்து, நிறம் மங்கித் தெரிகிறது என்று அவர் உடுத்த மறுத்திருந்தார். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குக் காற்றாகத் தெரிவதற்கு ஒரு பெண் கொடுத்த விலை அது.

இடைவேளையில் கேமரா மேடைக்குப் பின்னே போகும். அன்றும் அப்படி ஏதோ பேட்டி ஓடியபோது எனக்குச் சுருக்கென்றது. பின்கூடத்துக்குள் நுழையும் கறுப்புக் கோட்டுக்காரரின் இடத்தில் இப்போது நானா? இல்லை என்றே இன்று நினைக்கிறேன். கேமரா வருவது இந்தப் பெண்களுக்குத் தெரியும். தம் பாத்திரத்தைப் பற்றித் தாமே பேசுகிறார்கள். அம்மணிக்குக் கிடைக்காதது அது.

வீட்டுத் திரையும் புதிதல்ல. 1955 டிசம்பரில் அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சி, மார்கோ ஃபான்டெய்ன் ஆடிய ‘ஸ்லீப்பிங் ப்யூட்டி’யை ஒளிபரப்பியது, சுமார் 3 கோடிப் பேர் பார்த்ததாகச் சொல்கிறார்கள். எந்த ஓபரா அரங்கும் ஓராண்டில்கூட அத்தனை பேரை உட்காரவைத்திருக்க முடியாது. பிரிட்டனில் மார்கரெட் டேல் என்ற பெண், தானே மேடையில் ஆடியவர், 1950களில் பிபிசி தயாரிப்பாளராகிச் சின்னத்திரைக்கு ஏற்றபடி பாலேக்களைப் படமாக்கினார். திரையரங்கு நேரலை அதற்கெல்லாம் பிந்தியது. 2006 டிசம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபரா அதைப் பெரிய அளவில் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ராயல் ஓபரா ஹவுஸும் போல்ஷோயும் அதே வழியில் வந்தன. 2022இல் உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பின் போல்ஷோய் நேரலைகள் மேற்குலகத் திரையரங்குகளிலிருந்து விலகின.

பிறகு 2020. திரையரங்குகள் மூடிக்கிடந்தன. ஓபரா அரங்குகள் தம் பழைய பதிவுகளை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டன. மே மாதம் ராயல் பாலேயின் ‘தி வின்டர்ஸ் டேல்’ வந்தது. கர்ப்பிணி மனைவி ஹெர்மையனியைச் சந்தேகித்து விசாரணைக் கூண்டில் நிறுத்தும் அரசனின் கதை, ஷேக்ஸ்பியரின் நாடகம். லேப்டாப்பைச் சமையல் மேடையில் வைத்து ஆசையோடு தொடங்கினேன். மகளுக்குப் பசி. கணவருக்கு வேலைத் தொலைபேசி, சத்தத்தைக் குறைக்க வேண்டும். குக்கர் விசில். விசாரணைக் காட்சியில் நிறுத்திய பாலேயை மறுபடி தொடங்கியபோது இரவு பதினொன்று. மொத்தம் பதினோரு துண்டுகளாகப் பார்த்தேன். அப்போது புரிந்தது: எனக்கு வீடு அரங்கு அல்ல, பணியிடம். பணியிடத்தில் பாலே பார்க்கலாம், வேலை நின்றுவிடாது. திரையரங்கில் நான் வாங்கியது படத்தை மட்டுமல்ல, ‘இப்போது என்னை அழைக்க முடியாது’ என்ற மூன்று மணி நேரத்தையும்.

இங்கேயே முடித்தால் கட்டுரை எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் அம்மா இருக்கிறார்.

கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி. வாசற்படி இறங்கவே ஆள் வேண்டும். ஊரடங்கில் பேச்சுக்கு ஏங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் அதே சுட்டியை அனுப்பினேன். அலைபேசியை அரிசிச் சம்படத்தில் சாய்த்துவைத்து, மதியம் முழுதும் பார்த்துவிட்டு அழைத்தார். முதல் கேள்வி: “அந்தப் பொண்ணுங்களுக்குக் கால் வலிக்காதாடி?” அடுத்தது கடைசிக் காட்சியைப் பற்றி. இறந்துவிட்டதாக நம்பப்பட்ட ஹெர்மையனி, பதினாறு ஆண்டுகளுக்குப் பின் சிலையாக நின்று, உயிர்பெற்று இறங்கி வரும் காட்சி அது.

“அகலிகை கல்லாக் கெடந்தா, ராமன் கால் பட்டு எழுந்தா. இவ தானாவே எறங்கி வராளே, இத்தன வருசம் எங்க இருந்தாளாம்?”

“பவுலினான்னு ஒரு சிநேகிதிம்மா. அவதான் ஒளிச்சு வச்சிருந்தா.”

“பொம்பளையா? அதான் உசுரோட இருந்திருக்கா.”

பாலேயைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு வரி இல்லை. எந்தத் திரையரங்கு நேரலையும் அம்மாவிடம் போயிருக்காது. பின்னிரவில் தனியாக வீடு திரும்பப் பயப்படும் பெண்ணுக்கும், கைக்குழந்தைக்காரிக்கும், படுக்கையிலிருப்பவரைப் பார்த்துக்கொள்பவளுக்கும், டிக்கெட் காசு எண்ணுபவளுக்கும் அந்தச் சிறு திரைதான் முன்வரிசை. மாணவிகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு: நிறுத்தலாம், பின்னே போகலாம். நிழலுருவங்கள் காட்சியின் பதிவு கையில் கிடைத்தபோது, நாயகியை விட்டுவிட்டு நான்காவதாக இறங்கும் பெண்ணை மட்டும் நான் ஆறு முறை பார்த்தேன்.

ஆகவே கணவரின் கேள்விக்கு என் பதில் இதுதான். திரையரங்கா வீடா என்பது திரையின் அளவைப் பற்றிய பேச்சு அல்ல. பார்ப்பவளின் நேரம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றியது. கறுப்புக் கோட்டுக்காரருக்குச் சந்தா இருந்தது. அதைவிட முக்கியமாக, அவர் இல்லாதபோது வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். ‘வீட்டிலேயே பார்க்கலாமே’ என்று அம்மாவுக்குச் சொன்னால் அது கதவைத் திறப்பது. அதே வாக்கியத்தை எனக்குச் சொன்னால் அது கதவைச் சாத்துவது. சொல்பவர் நல்லவராக இருந்தாலும்தான்.

இப்போது எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பருவத்துக்கு இரண்டு நேரலைக்குத் திரையரங்கு போகிறேன். இருமல் மருந்து இருக்குமிடம் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் பார்க்கும் நாளில் அறைக்கதவைச் சாத்திவிட்டு அம்மாவை அழைப்பில் வைத்துக்கொள்கிறேன். அவர் அங்கே, நான் இங்கே, ஒரே நேரத்தில் தொடங்குகிறோம். ஒருநாள் மரியைப் பற்றியும் அவள் தாயைப் பற்றியும் சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அந்த அம்மா துணி வெளுத்த காசுலதான் பொண்ணுக்குக் காலணி வாங்கியிருப்பா, இல்ல?”