ஒளிவழி ஆக்சிஜன் உணரி

நீரிலோ காற்றிலோ உள்ள ஆக்சிஜனின் அளவை, ஒரு சாயத்தின் ஒளிர்வில் நேரும் மாற்றத்தைக் கொண்டு கண்டறியும் கருவி ஒளிவழி ஆக்சிஜன் உணரி. ஆய்வாளர்கள் இதை ஆப்டோடு என்பர். கடலாய்வு, மீன் வளர்ப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, நொதித்தல் தொழில் ஆகியவற்றில் பயன்படுகிறது.

முந்தைய முறைகள்

நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க ஹங்கேரிய வேதியியலர் லாயோஷ் விங்க்ளர் 1888-இல் வகுத்த தரம்பார்த்தல் முறை இன்றும் பிற கருவிகளைச் சரிபார்க்கத் துணைநிற்கிறது. ஆனால் ஒவ்வொரு மாதிரியையும் குப்பியில் பிடித்து வேதிப்பொருள் சேர்த்தாக வேண்டும். 1950-களில் அமெரிக்கரான லேலண்ட் கிளார்க் உருவாக்கிய மின்முனை இந்தச் சிரமத்தைப் போக்கியது. சவ்வின் வழியே புகும் ஆக்சிஜன் பிளாட்டின முனையில் வினைபுரிய, எழும் மின்னோட்டம் அளவைக் காட்டும். அளக்க வந்த ஆக்சிஜனையே அது செலவழிப்பதால், தேங்கிய நீரில் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் மின்முனை கெடும்.

ஒளிர்வுத் தணிவு

சில சாயங்கள் நீலம் அல்லது பச்சை ஒளியை ஏற்றுச் சிவப்பாக ஒளிரும். ஒளியேற்ற மூலக்கூறின்மீது ஆக்சிஜன் மோதினால், ஆற்றல் ஆக்சிஜனுக்குக் கைமாறிவிடும், ஒளி வெளிவராது. ஆகவே ஆக்சிஜன் கூடக்கூட ஒளிர்வு மங்கும். அது நீடிக்கும் நேரமும் குறுகும். இத்தகைய தணிவுக்கான சமன்பாட்டை ஓட்டோ ஸ்டெர்னும் மாக்ஸ் ஃபோல்மரும் 1919-இல் தந்தனர். 1930-களில் ஜெர்மானிய வேதியியலர் ஹான்ஸ் கவுட்ஸ்கி, சிலிக்கா ஜெல்லில் படிந்த சாயங்களின் ஒளிர்வை மிகச் சிறிதளவு ஆக்சிஜனும் தணிப்பதைக் காட்டினார். 1975-இல் லூபர்ஸ், ஓபிட்ஸ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதே நெறியில் உடலியல் ஆய்வுக்கான உணரியை அமைத்தனர்.

பிரகாசத்திலிருந்து நேரத்துக்கு

தொடக்ககால உணரிகள் ஒளிர்வின் பிரகாசத்தை அளந்தன. சாயம் வெளுத்தாலும் விளக்கு மங்கினாலும் ஒளியிழை வளைந்தாலும் பிரகாசம் மாறும். அதனால் அளவீட்டை நெடுநாள் நம்ப இயலவில்லை. ஒளிர்வு நீடிக்கும் நேரத்தை அளக்கத் தொடங்கியதே பெரிய திருப்பம். ருத்தேனியச் சேர்மங்கள் சில மைக்ரோநொடிகளும், பிளாட்டினம் போர்ஃபிரின்கள் பல பத்து மைக்ரோநொடிகளும் ஒளிர்வதால், எளிய மின்னணுச் சுற்றே இதற்குப் போதும். எல்இடி விளக்கின் ஒளியைச் சீராக ஏற்றி இறக்கினால், சாயத்தின் சிவப்பொளி சற்றுப் பின்தங்கி ஏறி இறங்கும். அந்தக் கட்ட வேறுபாட்டிலிருந்து ஆக்சிஜன் அளவு கணிக்கப்படுகிறது. சாயத்தில் ஒரு பகுதி அழிந்தாலும் எஞ்சிய மூலக்கூறுகள் ஒளிரும் நேரம் பெரிதாக மாறாது.

சிறப்புகளும் வரம்புகளும்

இவ்வுணரி ஆக்சிஜனைச் செலவழிப்பதில்லை; நீரைக் கலக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை; நிரப்ப வேண்டிய மின்பகு கரைசலும் இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு நிறைந்த சேற்றிலும் வேலை செய்யும். ஆக்சிஜன் குறைந்த நீரில் இதன் உணர்திறன் கூடுதல். ஆளில்லாமல் மாதக்கணக்கில் அளக்கக் கூடியதால் கடலாய்வு பெரும் பயன் கண்டது: 2003-இல் லாப்ரடார் கடலில் விடப்பட்ட தானியங்கி மிதவைகள், குளிர்காலத்தில் மேல்நீர் ஆழத்துக்குக் கலக்கும்போது கடல் ஆக்சிஜனை உள்வாங்குவதைப் பதிவுசெய்தன.

வெப்பநிலை, உப்புத்தன்மை, ஆழ்கடல் அழுத்தம் ஆகியவற்றுக்கேற்ப அளவீட்டைத் திருத்த வேண்டும். சில கரிமக் கரைப்பான்கள் சாயப்படலத்தைச் சிதைக்கும். பாசி படிந்தால் துடைக்க வேண்டும். நாளடைவில் உணர்திறனும் சற்று விலகும். இந்த விலகலைத் திருத்தக் காற்றே உதவுகிறது: உலர்காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 20.95 விழுக்காடு என்பதால், மிதவை மேலே வரும்போது உணரியைக் காற்றில் நீட்டி அளந்து தன் அளவீட்டைச் சரிபார்த்துக்கொள்கிறது.