செடி விளக்கும் ஷாக்கும் ஒரு பெர்க்லி வாத்தியாரும்

போன மாசம் ஒரு காலையில் எனக்கு ஷாக் அடித்தது. ரூமுக்குள் வெயில் வராது என்று கொத்தமல்லித் தட்டுக்கு மேலே ஒரு எல்ஈடி க்ரோ லைட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். தண்ணீர் தெளித்த ஈரக் கையோடு அதன் தகரப் பட்டையைத் தொட்டேன், சுரீர்! கை தானாக உதறிக்கொண்டதால் இதை எழுதுகிறேன் :-) மெயினில் இருந்த ஃப்யூஸ் அசையவே இல்லை. ஏன் என்று தேடப்போய்க் கிடைத்த கதை இது.

செடிக்குக் கரண்ட் விளக்கு புதுசு இல்லீங்க. 1880-லேயே வில்லியம் சீமன்ஸ், இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் பக்கத்திலிருந்த தன் வீட்டில் ஆர்க் விளக்கு வைத்துச் செடி வளர்த்துப் பார்த்தார். வெளிச்சம் நேராகப் பட்டால் இலை வாடுகிறது, நடுவில் கண்ணாடி வைத்தால் பிழைக்கிறது என்றும் கண்டுபிடித்தார். இலைக்குக் காவல் கிடைத்துவிட்டது. தண்ணீர் ஊற்றுகிற ஆளுக்குக் கிடைக்க இன்னும் எழுபது, எண்பது வருஷம் ஆனது!

ஃப்யூஸ் காப்பாற்றுவது ஒயரைத்தான், நம்மை இல்லை. 5 ஆம்பியரைத் தாண்டினால்தான் 5 ஆம்பியர் ஃப்யூஸுக்குக் கோபமே வரும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கு போதும்.

கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் இதைத்தான் அளந்தார். ஆட்களை ஈரக் கையால் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, மெல்ல மெல்லக் கரண்ட்டை ஏற்றுவார். எந்த அளவுக்கு மேல் கையை எடுக்க முடியாமல் தசை இறுகிக்கொள்கிறது என்பது கணக்கு. ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு பத்தரை. (எங்க வாத்தியார் கூப்பிட்டால் நான் லீவு!) அந்தக் கணக்கை வைத்து 1961-ல், 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனை வெட்டும் கருவியைச் செய்தார். தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரியாவிலும் அதற்கு முன்பே, 1950-களில், இதே வழியில் கருவிகள் வந்துவிட்டன. நம்மூர் ஆர்சிசிபி இந்தக் குடும்பம்தான். வீட்டுக்குப் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர்.

அது வேலை செய்யும் விதம் காமர்ஸ்காரனுக்கு உடனே புரியும். ஃபேஸில் போனது நியூட்ரலில் அப்படியே திரும்ப வரணும். டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகலையா, மிச்சம் யார் உடம்பு வழியாகவோ தரைக்குப் போகிறது, உடனே கட்!

எங்கள் வீட்டில் அது இல்லவே இல்லை. விளக்குக்கு எர்த் இல்லாத இரண்டு முள் பிளக் வேறு. எலக்ட்ரீஷியன் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். இப்போது ஆர்சிசிபி போட்டாச்சு, மூணு பின் பிளக், சுவிட்ச் போர்டும் தட்டைவிட உயரத்தில். மாசம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்குகிறேன். சீரியல் நடுவில் கரண்ட் போச்சு என்று அம்மா கத்துகிறாங்க.